வளையல் அளவு பார்த்த நாள்

எண்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி, எங்கள் வீட்டுக் கூடத்தில், கேசரித் தட்டுக்கும் காபி டம்ளர்களுக்கும் நடுவே பாயில் இறக்கப்பட்டதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இறக்கியவள் என் அக்கா. இறங்கியவர், அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் உடன்பிறந்த தமக்கை. எண்பது கிலோ என்பது நானாகச் சொல்வதல்ல, அவரே பிறகு எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டது. எனக்கு அப்போது பத்து வயது. கடல் ஊருக்குள் வந்ததை அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்தவள்தான் நான். அதுகூட ஏதோ கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. இந்த விழுகை மட்டும் இப்போதும் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது.

கடலூர் முதுநகர்ப் பக்கம், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு சமையல்கட்டு. அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டுத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அக்கா காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தாள். படிப்பு சுமார்தான். ஆனால் மல்யுத்தம் என்று வந்துவிட்டால், அவள் எடைப் பிரிவில் அவளை அசைக்க மாவட்டத்தில் ஆள் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தவளை பி.டி. டீச்சர்தான் இதில் இழுத்துவிட்டாராம். யார் இழுத்துவிட்டால் என்ன, அடி வாங்கியது நான். அக்காவுக்கு வீட்டில் பயிற்சி செய்யக் கிடைத்த ஒரே எதிராளி நான்தான், அவள் எடையில் பாதிகூட இல்லாத எதிராளி. சாயங்காலம் கூடத்தில் பாயை விரித்து என்னை எதிரில் நிறுத்துவாள். மற்றப் பெண்கள் எல்லாம் பாய்ந்து காலைப் பிடிப்பார்களாம். அக்கா காலைத் தேடிப் போகவே மாட்டாள். கை வரட்டும் என்று காத்திருப்பாள். என் வலது கை கொஞ்சம் முன்னால் நீண்டதும் அவளுடைய இடது கை என் மணிக்கட்டைக் கவ்வும். அவளுடைய வலது கை உள்பக்கமாக நுழைந்து என் முழங்கைக்கு மேலே, அக்குளை ஒட்டிப் பிடிக்கும். பிறகு என் கையைக் குறுக்கே ஒரு இழுப்பு. நான் தள்ளாடிக்கொண்டு முன்னால் போகும்போது அவள் ஒரே எட்டில் என் முதுகுக்குப் பின்னால் வந்திருப்பாள். இடுப்பை ஒரு கை அணைக்கும், கணுக்காலை ஒரு கால் தடுக்கும், நான் பாயில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பின்மண்டை தரையில் பட்டு நான் ஊரைக் கூட்டியதிலிருந்து, விழுகிற நேரத்தில் தலைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுக்கவும் பழகிக்கொண்டாள். ஒரு சாயங்காலத்துக்கு இருபது, முப்பது தடவை இப்படி விழுவேன். அதற்குக் கூலியாக எனக்கு ஒரு தேன்மிட்டாய்.

அந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு சிதம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது. அதில் தேறி, மாநில அணிச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வாங்கிவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா அப்போதே அப்பாவின் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்து, தான் வரும்போதெல்லாம் அடிக்கவேண்டும் என்றும் உத்தரவு.

சனியன் பிடித்த மாதிரி அதே வாரம் மாமா ஒரு வரனோடு வந்து சேர்ந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நல்லவர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூர்வீகம் கிள்ளை என்கிற கடலோர ஊர், இப்போது சிதம்பரத்தில் வாசம். மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீசில் வேலை. அப்பா இல்லை, ஒரே அக்கா, அவரையும் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு மட்டும் லேசாக முட்டிவலி. இதைவிட என்ன வேண்டும் என்று மாமா கேட்டார். அரசாங்க வேலை என்று காதில் விழுந்ததுமே அம்மாவின் முகம் பெட்ரோமாக்ஸ் லைட்டாகிவிட்டது. வியாழக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று.

அக்கா அழவில்லை, சாப்பிடாமலும் கிடக்கவில்லை. அன்றைக்கு என்னை இருபதாவது தடவையாகப் பாயில் உட்காரவைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் நான் போய்ட்டு வந்துட்டேன்னா போதும்டி. அப்புறம் எவன் வந்தாலும் நானே காபி எடுத்துனு போயி குடுக்கறேன்."

பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதில் எங்கள் அம்மா பலே ஆள். மல்யுத்தம் என்று தெரிந்தால் எவன் கட்டுவான் என்று, அக்கா வாங்கிய கோப்பைகள், பதக்கங்கள், சுவரில் மாட்டியிருந்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பூவேலைத் தலையணை உறையைக் கடன் வாங்கி வந்து, பார்வையில் படும் இடத்தில் வைத்தார். அது அக்கா போட்ட பூவேலையாம். அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்பதால், என்னைத் தனியாக அழைத்துப் போய், வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லிவைத்தார்.

வியாழக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, சட்டைப்பையில் பேனாவோடு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சு முழுவதும் அவருடைய அக்காதான். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், உட்கார்ந்தால் பாதிப் பாயை அடைக்கிற ஆகிருதி. பெண்ணாடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்த முகம். கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தலையணை உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அம்மா மூச்சே விடவில்லை.

அக்கா காபி கொடுத்தாள், கும்பிட்டாள், சுவரோரம் போய் நின்றாள். அதோடு அனுப்பிவிட்டு, ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர்கள் வீட்டு வழக்கம் வேறாக இருந்தது. பெண் பிடித்துவிட்டால், மாப்பிள்ளையின் அக்கா அங்கேயே பெண்ணின் கையில் வளையல் அளவு பார்ப்பாராம். அளவு பார்ப்பது என்று பெயர்தானே தவிர, வளையல் கையில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பெண் வீட்டார் வேறு இடம் பார்க்கக்கூடாது. இதை மாமா எங்களிடம் சொல்லவேயில்லை. அந்த அம்மாள் எழுந்து நின்று, பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்தபோதுதான் விஷயமே புரிந்தது. அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

அந்த அம்மாள் அக்காவின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, வளையலைத் தள்ளினார். ஏறவில்லை. எத்தனையோ பேரின் பிடியில் சிக்கி விரல்முட்டி எல்லாம் தடித்துப்போன கை அது. இன்னும் அழுத்தினார். பூவேலை போடுகிற கை இப்படியா இருக்கும் என்று சிரித்துக்கொண்டே, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பலமாகத் தள்ளினார். வளையல் முட்டி வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் ஏறிவிடும்.

அக்கா தன் வலது காலை அரை அடி நகர்த்தியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

அக்காவின் இடது கை அந்த அம்மாளின் மணிக்கட்டில் விழுந்தது. சிக்கியிருந்த வலது கை, பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் பக்கமாகத் திரும்பிக் கழன்றுகொண்டு, அப்படியே உள்ளே புகுந்து முழங்கைக்கு மேலே பிடித்தது. ஒரு இழுப்பு. வளையல் பறந்துபோய்ச் சுவரில் பட்டு உடைந்தது. அந்த அம்மாள் மாப்பிள்ளையை நோக்கி இரண்டு எட்டு ஓடினார். மூன்றாவது எட்டு வைப்பதற்குள் அக்கா பின்னால் போய்விட்டாள். அடுத்த நொடி எண்பது கிலோவும் பாயில் இருந்தது. தலைக்குக் கீழே அக்காவின் உள்ளங்கை.

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார். மாமாவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, காபி அவர் வேட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது, அவருக்கு அதுகூடத் தெரியவில்லை. அம்மா உடைந்த வளையலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணாடி வளையல் உடைவது எவ்வளவு கெட்ட சகுனம் என்று எனக்கே தெரியும். மாப்பிள்ளை மட்டும் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். போலீஸ் வரும், அக்காவைப் பிடித்துக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா எழுந்து ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தில் பயத்தோடு வேறு ஒன்றும் இருந்தது. நடுவர் விசில் ஊதியபிறகு தோன்றும் முகம் அது. அவள் ஜெயித்துவிட்டாள், இனி இந்தக் கல்யாணம் நடக்காது என்று பத்து வயதுக்காரிக்கே விளங்கியது.

அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்தபடியே முதுகைத் தடவிப் பார்த்தார். இடுப்பைத் தடவிப் பார்த்தார். பின்மண்டையையும் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கயுமே அடிபடல," என்றார். "எண்பது கிலோம்மா நானு. எப்படிம்மா எறக்கின?"

அவர் இப்போது மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அடிபடவில்லை என்றவர் எதற்கு அழுகிறார்?

"தம்பி, பாத்தியா? அம்மாவத் தூக்க நாம ரெண்டு பேரு மல்லுக்கட்டுறோம். அப்பயும் வலிக்குதுன்னு கத்துறாங்க. இந்தப் பொண்ணு ஒத்த ஆளா என்னைய பச்சப்புள்ள மாதிரி எறக்கி வெச்சிருக்குது."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. முட்டிவலி என்று மாமா சொன்னது முட்டிவலி இல்லை. பக்கவாதம் வந்து அவர்கள் அம்மா இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. புரட்டிப் படுக்கவைக்க, உட்காரவைக்க, குளிப்பாட்ட ஆள் வேண்டும். வேலைக்கு வைத்த எவரும் ஒரு மாதம் தாங்கவில்லை. இவர்தான் வாரத்துக்கு மூன்று நாள் பெண்ணாடத்திலிருந்து சிதம்பரத்துக்கு அலைகிறார். புருஷன் வீட்டில் தினமும் சண்டை. சொன்னால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைத்துவிட்டோம், மன்னிக்கவேண்டும் என்று பாயில் இருந்தபடியே கைகூப்பினார். கீழே தள்ளப்பட்டவரே மன்னிப்புக் கேட்டதும் அம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். நுழைந்திருக்க வேண்டாம். அக்காவை அடிக்கப் போகிறார்கள் என்று இவ்வளவு நேரம் பயந்து செத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த அம்மாள் அவளைப் புகழ்ந்ததும் தலைகால் புரியவில்லை. அம்மாவின் மிரட்டலெல்லாம் காற்றோடு போயிற்று. அறைக்குள் ஓடிப்போய் அரிசிச் சாக்கைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்து கொட்டினேன். கோப்பைகள் உருண்டன. எங்கள் அக்கா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று ஓடுவாள், நாற்பது கிலோ ஐஸ் பெட்டியை ஒருத்தியாகத் தூக்கிவிடுவாள், பூவேலைதான் சுத்தமாகத் தெரியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன், ஆனால் அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியவில்லை. பெருமையில் அவளுக்கு வாயடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் சோப்பு இருக்குமா என்று அந்த அம்மாள் கேட்டார். நான்தான் ஓடிப்போய்க் குளிக்கிற சோப்பை எடுத்து வந்து கொடுத்தேன். அக்காவின் கையை நனைத்து, சோப்பைத் தேய்த்து, மிச்சமிருந்த வளையலில் ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை முட்டியில் கொஞ்சம் திணறி, வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அக்கா கால் நகர்த்தவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாள், எல்லோரும் வந்து வீட்டைப் பார்த்து, தங்கள் அம்மா கையால் பூ வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம எனக்கு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. நாங்க வர்றோம்," என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். எனக்குப் புது கவுன், ஜன்னலோரச் சீட்டு, கையில் முறுக்குப் பொட்டலம். வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. உள்ளறைக் கட்டிலில் அந்தப் பாட்டி ஒருக்களித்துக் கிடந்தார். அறைக்குள் மருந்து வாடையும் மூத்திர வாடையும் அடித்தது. பூ கொடுக்கவேண்டுமானால் அவர் உட்காரவேண்டும். மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் இரண்டு பக்கமும் நின்று தூக்கப் போனதும், தொடுவதற்கு முன்பே அவர் கத்த ஆரம்பித்தார். அப்போது அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே போனாள். முதலில் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு முழங்கைக்கு மேலே. பிறகு முதுகுக்குப் பின்னால் கையை விட்டு இடுப்பை அணைத்து, ஒரே மூச்சில் உட்காரவைத்துவிட்டாள். அதே பிடி. ஆளைக் கீழே இறக்கும் பிடியிலேயே ஆளை மேலே ஏற்றலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வலிக்கலம்மா," என்று சொல்லிவிட்டு அந்தப் பாட்டி அக்காவின் தோளில் சாய்ந்து அழுதார். நான் கைதட்டினேன். அக்கா அவரை அதற்குப் பிறகு ஏழு வருஷம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அப்படித் தூக்கினாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் நீல நிற டிராக் பேண்ட் போட்ட பெண்கள் ஐந்தாறு பேர், தோளில் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அக்காவின் காலேஜ்தான், எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். எனக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக இருந்த அக்காவை அவள் அப்புறம்தான் பார்த்தாள். உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாக்கா நீ வரல? உன் பேர மூணு தடவ கூப்ட்டாங்க."

"மறந்துட்டேன்," என்றாள் அக்கா.

பஸ் கிளம்பிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனுஷி இதையா மறப்பாள்? எத்தனை சாயங்காலம், எத்தனை தடவை விழுந்திருக்கிறேன், மணிக்கட்டெல்லாம் கன்றிப்போகும் அளவுக்கு. அவள் போலீஸ் ஆவாள் என்று வகுப்பில் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் இப்படிப் புடவையைப் பார்த்ததும் மறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. சண்டை போடலாம் என்று திரும்பினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி இருந்தாள். தூக்கம் வேறு வருகிறதா உனக்கு என்று நினைத்து, அவள் மேல் படாமல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். கடலூர் வந்து சேரும்வரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.